முப்பத்தொரு கம்ப்யூட்டரும் ஒரு மெயின் சுவிட்சும்

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவில் எத்தனை கம்ப்யூட்டர்கள் உண்டோ அத்தனையும் பாண்டிச்செல்வத்தின் காலடிச் சத்தம் கேட்டால் தானாக எழுந்து விறைப்பாக நிற்கும். ஒரு தடவை அவர் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தபோது, ரோட்டோர ஜெராக்ஸ் கடையில் ஆறு மாதமாகச் செத்துக் கிடந்த பிரிண்டர் ஒன்று ஜன்னலில் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு நாலு பக்கம் அடித்துத் தள்ளியது. சரி, இதில் முக்கால்வாசி புளுகு என்று இப்போதே ஒத்துக்கொண்டுவிடுவது நல்லது. பிரிண்டர் அடித்தது ஒரே பக்கம்தான், அதுவும் வெள்ளைப் பக்கம். மிச்சமுள்ள கால்வாசி உண்மை இதுதான்: பட்டாளத்திலிருந்து திரும்பி வந்த சோழபுரத்து மனிதர் ஒருவர், நாற்பத்தேழு வயதில், திங்களில் ஆரம்பித்து சனிக்குள் முப்பத்தொரு கம்ப்யூட்டர்களில் ஒரே சாமானை மூன்று விதமாக ஏற்றினார். அந்த வாரம் முடிவதற்குள் அவருக்கு வயது ஐம்பத்திரண்டு ஆகிவிட்டது.

பாண்டிச்செல்வம் பிளஸ் டூ முடித்த மறு வருஷமே ஆள் எடுப்பில் ஓடிப் பட்டாளத்தில் சேர்ந்தவர். சிக்னல்ஸ் பிரிவு. லடாக்கில் குளிரில் விரல் மரத்துப்போய்ப் பென்சில் எங்கே முடிகிறது, விரல் எங்கே தொடங்குகிறது என்று தெரியாத நாட்களிலும் அனுப்பும் செய்தியைக் கேப்பிடல் என்கிற பெரிய ஆங்கில எழுத்தில் குத்திக் குத்தி எழுதியவர். பதினேழு வருஷம் கழித்து ஊருக்கு வந்தார். இரண்டு வருஷம் கிணற்றையும் மோட்டாரையும் நம்பிப் பார்த்தார். பிறகு ஸ்ரீவில்லிபுத்தூர் போகிற சாலையில் இருக்கும் ஒரு தனியார் கலைக் கல்லூரியில் கம்ப்யூட்டர் லேப் உதவியாளராகச் சேர்ந்தார். சோழபுரத்திலிருந்து ராஜபாளையம் ஒரு பஸ், அங்கிருந்து கல்லூரி வாசலுக்கு இன்னொரு பஸ். பதினோரு மாதம் வேலை, ஒரு நாள் வீட்டில் சும்மா, மறுபடி பதினோரு மாதம். தற்காலிகம் என்ற சொல்லுக்கு அவர் ஒன்பது வருஷமாக ஓய்வு கொடுக்கவில்லை.

அவரோடு பட்டாளத்திலிருந்து வந்தவர்களில் பாதிப் பேர் மில் கேட்டில் நிற்கிறார்கள். கார் வந்தால் விசில், முதலாளி வந்தால் சல்யூட். பாண்டிச்செல்வம் பதினேழு வருஷம் அடித்த சல்யூட்டே ஒரு ஆயுளுக்குப் போதும் என்று நினைப்பவர். லேபில் யாருக்கும் சல்யூட் அடிக்க வேண்டாம். மவுஸ் வேலை செய்யவில்லை என்று சொல்லிக்கொண்டு பிள்ளைகள் அவரைத் தேடி வருவார்கள். அந்த ஒரு சுகத்துக்காகவே இரண்டு பஸ் ஏறினார்.

இந்த நிலையில்தான் ஒரு திங்கட்கிழமை துறைத்தலைவர் வெங்கடேஸ்வரி அவரைக் கூப்பிட்டார். ராஜபாளையத்துக்காரர், வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், எதையும் சுற்றி வளைக்காதவர்.

“செத்த உக்காருங்க சார். சனிக்கிழம கடைசி வருஷத்துக்கு பிராக்டிகல். இந்தத் தடவ ரெடிஸ்னு ஒண்ணப் புதுசா சேத்துட்டாங்க.”

“அது என்ன மேடம்?”

“டேட்டாபேஸ்தான். ஆனா மத்ததெல்லாம் மாதிரி ஒவ்வொண்ணுக்கும் டிஸ்க்குக்கு ஓடாது. எல்லாத்தயும் மெமரியிலயே வெச்சிருக்கும். அதான் அம்புட்டு வேகம்.”

பாண்டிச்செல்வம் நீள நோட்டை எடுத்து, ரெடிஸ், மெமரி, வேகம் என்று மூன்று சொற்களைப் பெரிய எழுத்தில் எழுதினார்.

“எந்த மெஷின்ல மேடம் போடணும்?”

“எல்லாத்துலயும். விண்டோஸ் லேப்ல இருபது, உபுண்டு லேப்ல பத்து, எம் மேசமேல இருக்க மேக் லேப்டாப் ஒண்ணு. மூணுக்கும் மூணு வழி. அனஸ் சார் சொல்லித் தருவாரு, ஆனா அவருக்குக் கிளாஸ் இருக்கு. கை உங்களோடதுதான்.” கொஞ்சம் நிறுத்தினார். “இன்னொண்ணு. இந்த மாசத்தோட உங்க பதினோரு மாசம் முடியுது. கம்ப்யூட்டர் படிச்ச சின்னப் பையனா எடுக்கணும்னு கமிட்டியில பேச்சு. சனிக்கிழம நல்லபடியா நடந்தா உங்களுக்காக நான் பேசுவேன். நடக்கலன்னா என்னால வாயத் திறக்க முடியாது.”

“வேலய விட்டு எடுத்துருவாங்களா மேடம்?”

“செக்ரட்டரி அப்படிச் சொல்லல. அவரு மில் கேட்டுக்கு ஆள் வேணுமாம். பட்டாளத்து ஆளுதான, அங்க அனுப்பிருவோம்னாரு.”

பாண்டிச்செல்வம் நோட்டை மூடினார். கல்லூரிச் செயலாளர் கௌதம்ராஜுக்குப் பஞ்சு மில் இருந்தது. அந்த மில்லின் கேட் எவ்வளவு பெரியது என்று பஸ்ஸில் போகும்போதெல்லாம் அவர் பார்த்திருக்கிறார். வெயிலுக்கு ஒதுங்க அங்கே ஒரு கூண்டுகூடக் கிடையாது.

செவ்வாய்க்கிழமை உபுண்டு, அதாவது விண்டோஸுக்குப் பதிலாகப் போடுகிற இலவச சிஸ்டம். மூன்றில் இதுதான் சுலபம் என்று சொல்லி, கட்டளைகளை ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு உதவிப் பேராசிரியர் முஹம்மது அனஸ் வகுப்புக்குப் போய்விட்டார். முப்பது வயதுகூட ஆகாத பையன். பாண்டிச்செல்வம் தாளில் இருந்ததை முதலில் தன் நோட்டில் பெரிய எழுத்தில் படியெடுத்துக்கொண்டு, பிறகு நோட்டைப் பார்த்து அப்படியே அடித்தார். விண்டோஸ் லேபில் ஒன்பது வருஷமாக அப்படித்தான் நடந்தது, அது ஒரு வார்த்தை சொன்னதில்லை. உபுண்டுவோ, அப்படி ஒரு கட்டளையே இல்லை என்றது. இரண்டாவது கம்ப்யூட்டரும் அதையே சொன்னது. பத்தாவதும் சொன்னது. பத்தும் கூடிப் பேசிவைத்துக்கொண்டு சொல்வது மாதிரி இருந்தது.

பதினொரு மணிக்கு வந்த அனஸ், திரையைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

“அண்ணே, இதுக்குச் சின்ன எழுத்து வேற, பெரிய எழுத்து வேற. நீங்க இப்படி எழுதுனா அதட்டுற மாதிரி இருக்கும்.”

“பட்டாளத்துல சின்ன எழுத்துல எழுதுனா எங்கள அதட்டுவாங்க சார்.”

சின்ன எழுத்தில் அடித்தார். இப்போது பாஸ்வேர்டு கேட்டது. அடித்தால் திரையில் ஒன்றும் விழவில்லை. ஒரு புள்ளிகூட இல்லை. கீபோர்டு போய்விட்டது என்று பக்கத்துக் கீபோர்டைக் கழற்றிச் செருகினார். அதுவும் போய்விட்டது. மூன்றாவதைக் கழற்றப் போனபோது அனஸ் கையைப் பிடித்தார்.

“அது காட்டாதுண்ணே. அடிச்சிட்டு என்டரத் தட்டுங்க.”

“காட்டலேன்னா நான் அடிச்சேனா இல்லியான்னு எனக்கு எப்படித் தெரியும்?”

“நம்பணும்ணே.”

“லடாக்குலகூட என்னய இம்புட்டு நம்பச் சொல்லல சார்.”

என்டரைத் தட்டினார். ரெடிஸ் தானாக இறங்கி, தானாக உட்கார்ந்து, தானாக ஓடத் தொடங்கியது. அதன் கறுப்புத் திரைக்குள் போய் ஒரு கட்டளையைப் பழக்கதோஷத்தில் பெரிய எழுத்தில் அடித்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். அது கோபித்துக்கொள்ளாமல் பதில் சொன்னது. ரெடிஸுக்குள் கட்டளை பெரிய எழுத்தில் இருந்தாலும் சம்மதமாம். அந்த வாரத்தில் அவரை அவராக ஏற்றுக்கொண்டது அது ஒன்றுதான். மாலைக்குள் பத்தும் முடிந்தன.

புதனும் வியாழனும் விண்டோஸ். அந்த இரண்டு நாளைப் பற்றி அவரிடம் யாராவது பேச்செடுத்தால் இப்போதும் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவார். விண்டோஸில் ரெடிஸை நேராகப் போட வழியில்லை. விண்டோஸின் வயிற்றுக்குள் ஒரு குட்டி உபுண்டுவைக் குடிவைத்து, அந்த உபுண்டுவுக்குள் ரெடிஸைக் குடிவைக்க வேண்டும். குட்டி உபுண்டு உள்ளே வர வேண்டுமானால் கம்ப்யூட்டர் எழுந்திருக்கிற அந்த அரை நொடியில் சரியான பொத்தானை அழுத்தி, ஆங்கிலம் நிறைந்த நீலத் திரைக்குள் போய், ஒரு பூட்டைத் திறந்துவிட வேண்டும். அரை நொடி தவறினால் மறுபடி அணை, மறுபடி எழுப்பு. இருபது கம்ப்யூட்டர்கள், ஒன்றுக்கு நாலு தடவையாவது ரீஸ்டார்ட். நான்குக்கு மேல் ஒரே நேரத்தில் இறக்கினால் நெட் படுத்துவிடும். படுத்தால் ஆபீசிலிருந்து, ஹால் டிக்கெட் பக்கம் திறக்கவில்லை என்று ஆள் வரும். வந்தவருக்குப் பதில் சொல்லித் திரும்பினால் ஐந்தாவது கம்ப்யூட்டர் பாதியில் நின்றிருக்கும். ஒவ்வொன்றுக்கும் மேஜைக்கடியில் குனிந்து நிமிர்ந்ததில், புதன் மாலை அவருடைய முதுகு அவர் பேச்சைக் கேட்பதை நிறுத்திவிட்டது.

வியாழன் அன்று வீட்டில் சாப்பிட உட்கார்ந்தவர் சோற்றில் கையை வைத்தபடியே இருந்தார். மனைவி செல்லத்தாய் குழம்புக் கரண்டியோடு நின்று பார்த்தாள்.

“ஏங்க, சோத்துக்குள்ள என்னத்தத் தேடுதீக?”

“இருபதுல பதினேழு முடிஞ்சிருச்சு.”

“மிச்சம் மூணு?”

“ரீஸ்டார்ட் ஆகுது.”

“அது ஆகட்டும். நீங்க எப்ப ஆவீக?”

அவர் சிரிக்கவில்லை. சிரிக்கவும் தெம்பு வேண்டும். “கேட்டுக்குப் போகச் சொல்லிட்டாங்கன்னா செல்லத்தாய், யூனிபாரம் எல்லாம் அவிய குடுப்பாங்களாம்,” என்றார்.

செல்லத்தாய் குழம்பை ஊற்றினாள். “யூனிபாரத்தக் கழட்டிட்டு வந்த அன்னிக்கு, இனிமே ஒருத்தனுக்கும் வெறச்சு நிக்க மாட்டேன்னு எங்கிட்ட சொன்னீக. அதுக்குத்தான் ரெண்டு பஸ்சு ஏறுதீக. சாப்பிடுங்க.”

வெள்ளிக்கிழமை காலையில் மிச்ச மூன்றையும் முடித்துவிட்டு மேக்குக்குப் போனார். வெங்கடேஸ்வரி மேடத்தின் சொந்த லேப்டாப் அது. பக்கத்தில் டம்ளர் வைத்தால்கூட அவருக்குக் கோபம் வரும். பாண்டிச்செல்வம் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். இதற்கு வேறொரு வழி. சாமான்களை வரவழைத்துத் தருகிற ஏஜென்ட் மாதிரி ஒன்றை முதலில் வைத்து, அதனிடம் சொன்னால் அது ரெடிஸைக் கொண்டுவந்து தரும். மூன்றே வரி. அவர் பயந்த பயத்துக்கு அது முப்பது வரியாவது கேட்டிருக்கலாம்.

கடைசி வேலை, தேர்வுக்கான தகவல்களை எல்லாவற்றிலும் ஏற்றுவது. அனஸ் நாற்பது பஸ்களின் நேரத்தை ஒரு கோப்பில் எழுதிக் கொடுத்திருந்தார். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், கிருஷ்ணன்கோவில், மதுரை. எத்தனை மணிக்கு எந்த பஸ் என்று பிள்ளைகள் ரெடிஸிடம் கேட்டு எடுக்க வேண்டும். பாண்டிச்செல்வம் ஐந்து மணிக்குப் பென்டிரைவோடு புறப்பட்டார். மேக்கில் முதலில், பிறகு உபுண்டு லேப், பிறகு விண்டோஸ் லேப். சொருகு, ஏற்று, சரிபார், பிடுங்கு. ஐந்தே முக்காலுக்கு முப்பத்தொன்றிலும் நாற்பது பஸ்களும் நின்றன. ஊர் பஸ் ஸ்டாண்டில்கூட அவை அப்படி ஒழுங்காக நின்றதில்லை.

இனி பூட்டிவிட்டுப் போக வேண்டும். அந்தக் கல்லூரியில் கடைசியாகப் போகிறவர் மெயினை இறக்கிவிட்டுத்தான் போவார். இந்தப் பக்கத்து மில்லில், கடையில், குடோனில் எல்லாம் அதுதான் பழக்கம். பாண்டிச்செல்வம் தினமும் முதலில் ஒவ்வொரு கம்ப்யூட்டரையும் முறைப்படி ஷட் டவுன் செய்வார். அதன் பிறகு யு.பி.எஸ்., கடைசியில் மெயின். அன்று முப்பதையும் ஒரு பார்வை பார்த்தார். நாலு நாளாக அவற்றை அணைத்து எழுப்பி, அணைத்து எழுப்பி, கனவில்கூட ரீஸ்டார்ட் வந்தது. இன்னும் முப்பது தடவை குனிய வேண்டும். வெளியே ஐந்து ஐம்பது பஸ் ஹாரன் அடித்தது. ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக அவர் யு.பி.எஸ்.ஸை நேராக அணைத்தார், மெயினை இறக்கினார், பூட்டினார், ஓடினார். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. அதையே நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டு தூங்கிவிட்டார்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு லேபைத் திறந்து மெயினைப் போட்டார். கம்ப்யூட்டர்கள் எழுந்தன. முதல் கம்ப்யூட்டரில், உள்ளே என்னென்ன இருக்கிறது காட்டு என்று கேட்டார். காலி என்றது. இரண்டாவது காலி. மூன்றாவது காலி. சாவி நேற்றிலிருந்து பாண்டிச்செல்வத்தின் சட்டைப் பையில்தான் இருந்தது. ஆனாலும் ஜன்னல் கம்பிகளை ஒவ்வொன்றாக அசைத்துப் பார்த்தார். எட்டேகாலுக்கு அனஸ் வந்தபோது அவர் மேஜைக்கடியில் ஏதோ தடயம் தேடிக்கொண்டிருந்தார்.

“யாரோ வந்து எல்லாத்தயும் அழிச்சிட்டுப் போயிருக்கான் சார். அம்புட்டும் போச்சு.”

“மேக்குல பாத்தீங்களாண்ணே?”

இருவரும் ஓடினார்கள். மேக்கில் நாற்பது பஸ்களும் பத்திரமாக நின்றன. பாண்டிச்செல்வம் திரைக்கு அருகே குனிந்தார். “களவாணிப் பய இத மட்டும் ஏன் விட்டான்?”

அனஸ் லேப்டாப்பின் ஓரத்தைத் தொட்டுக் காட்டினார். “அண்ணே, இது லேப்டாப்பு. இதுக்குச் சொந்தமா பாட்டரி இருக்கு. நேத்து எல்லாத்தயும் ஷட் டவுன் பண்ணிட்டுத்தான மெயின எறக்குனீங்க?”

பாண்டிச்செல்வம் கையிலிருந்த பென்டிரைவைப் பார்த்தார். பதில் அவர் முகத்திலேயே இருந்தது.

“அது மெமரியிலதான வெச்சிருக்கும்ணே. முறையா நிறுத்துனா டிஸ்க்குல எழுதிட்டுத்தான் படுக்கும். சும்மா விட்டாலும் பொறவு எழுதும், ஆனா நாப்பது பதிவுதானேன்னு ஒரு மணி நேரம் காத்திருக்கும். நீங்க அதுக்குள்ள கரண்டப் புடுங்கிட்டீங்க.”

களவாணி அகப்பட்டுவிட்டான். அவனுக்கு நாற்பத்தேழு வயது, கையில் பென்டிரைவ் இருந்தது.

“எத்தன மணிக்கு சார் பரீட்ச?”

“பத்து. ஒம்பதரைக்குப் பிள்ளைக உள்ள வந்துரும்.”

கோப்பை இன்னொரு பென்டிரைவில் எடுத்துக்கொண்டு அனஸ் உபுண்டு லேபுக்கு ஓடினார். பாண்டிச்செல்வம் விண்டோஸ் லேபைப் பிடித்தார். அங்கே குட்டி உபுண்டுவை ஒவ்வொன்றாகத் தட்டி எழுப்பி, அதற்குள் ரெடிஸைத் தட்டி எழுப்பி, பிறகுதான் பஸ்களை ஏற்ற வேண்டும். ஒவ்வொன்றிலும் ஏற்றி முடித்ததும், டிஸ்க்கில் எழுதிவை என்ற கட்டளையையும் பெரிய எழுத்தில் அடித்தார். சரி என்று அது சொன்ன பிறகுதான் அடுத்ததற்கு நகர்ந்தார். முதுகு, கழுத்து, கண் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக விடைபெற்றுக்கொண்டன. விரல் மட்டும் ஓடியது. பதினாறாவதில் பிள்ளைகள் வாசலில் கூடிவிட்டார்கள். பதினெட்டாவதில் தனக்கு உபுண்டு முடிந்தது என்று அனஸ் வந்து, கடைசி இரண்டைப் பிடுங்கிக்கொண்டார். பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது மதுரையிலிருந்து வந்த வெளித் தேர்வாளர் பேராசிரியர் அய்யூப், கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே நுழைந்தார்.

தேர்வு நடந்தது. யாரும் மவுஸ் வேலை செய்யவில்லை என்றுகூடக் கூப்பிடவில்லை. பாண்டிச்செல்வம் லேபின் கடைசியில், மெயின் பெட்டிக்குக் கீழே, சுவரில் சாய்ந்து நின்றார்.

பன்னிரண்டு மணிக்குச் செயலாளர் கௌதம்ராஜ் வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, பின்னால் காபித் தட்டு. தேர்வாளருக்கு வணக்கம் சொல்லிவிட்டு, “எல்லாம் திருப்தியா சார்?” என்று கேட்டார்.

“நல்லா இருக்கு சார்,” என்றார் அய்யூப். “எங்க காலேஜ்ல விண்டோஸ்ல இதப் போட முடியாம பிராக்டிகலயே ஒரு வாரம் தள்ளிவெச்சோம்.”

கௌதம்ராஜ் வெங்கடேஸ்வரியைப் பார்த்தார். “காலைல பூரா ஒரே ஓட்டமா இருந்துச்சுன்னு வாட்ச்மேன் சொன்னானே. என்ன பிரச்ன?”

“சின்னதா கரண்ட் பிரச்ன சார்,” என்று சொல்லிவிட்டு, அனஸிடம் எல்லாம் கேட்டிருந்த வெங்கடேஸ்வரி காபி டம்ளரை அவர் பக்கம் நகர்த்தினார்.

அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் பதினேழு வருஷம் செய்தியை எழுத்து மாறாமல் அனுப்பிய மனிதருக்கு அந்த வரியைத் திருத்தாமல் விட முடியவில்லை. பாண்டிச்செல்வம் சுவரை விட்டு நிமிர்ந்தார்.

“கரண்டு பிரச்ன இல்ல சார். நேத்துச் சாயங்காலம் நான்தான் மெயின எறக்கிட்டுப் போயிட்டேன். ஷட் டவுன் பண்ணல. அதுல ஏத்தி வெச்ச டேட்டா அம்புட்டும் போயிருச்சு. காலைல மறுபடி ஏத்துனோம். தப்பு என்னோடது.”

வெங்கடேஸ்வரி கண்ணை மூடிக்கொண்டார். அனஸ் தரையைப் பார்த்தார். பாண்டிச்செல்வத்துக்குள் பெரிய மில் கேட் ஒன்று இரண்டு பக்கமும் திறந்துகொண்டது.

“என்ன சொன்னீங்க?” என்றார் கௌதம்ராஜ். “மெயின எறக்குனீங்களா?”

“ஆமா சார்.”

“பரீட்சைக்கு முந்துன நாள், அம்புட்டு அவசரத்துலயும் மறக்காம எறக்குனீங்களா?”

“ஆமா சார். ஆனா டேட்டா...”

“டேட்டா கெடக்கட்டும்யா!” கௌதம்ராஜ் காபியை வைத்துவிட்டுத் தேர்வாளர் பக்கம் திரும்பினார். “சார், நாலு வருஷத்துக்கு முன்னாடி என்னோட பஞ்சுக் குடோன் ஒண்ணு சாம்பலாப் போச்சு. ஏன் தெரியுமா? சூப்பர்வைசர் ஒருத்தன், படிச்ச பய, மெயின எறக்காம பஸ்சுக்கு ஓடிட்டான். அன்னையிலருந்து ஒவ்வொருத்தன்கிட்டயும் தொண்ட கிழியக் கத்துதேன். ஒரு பய கேக்குறதில்ல. இதோ நிக்கிறாரு பாருங்க, ஒரு ஆளு!”

பாண்டிச்செல்வம் பஸ்ஸுக்கு ஓடியதைப் பற்றியும் சொல்ல வாயெடுத்தார். அனஸ் அவர் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தார்.

“சின்னப் பயலுகள எடுக்கணும்னு கமிட்டியில யாரு சொன்னது?” சொன்னது அந்தச் செயலாளரேதான், ஆனால் அதை ஞாபகப்படுத்த அங்கே யாருக்கும் தைரியமில்லை. கௌதம்ராஜ் வந்து பாண்டிச்செல்வத்தின் தோளில் கையை வைத்தார். “கேட்டுக்கும் போக வேணாம், எங்கயும் போக வேணாம். இந்த லேப்பும் மெயினும் உங்க பொறுப்பு. இன்னையிலருந்து நீங்க இங்க நிரந்தரம். மேடம், எழுதிக் கொண்டாங்க, கையெழுத்துப் போடுதேன்.”

வெங்கடேஸ்வரி மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். பாண்டிச்செல்வத்தின் வேலை நீட்டிப்புக்காகக் காலையிலேயே டைப் அடித்து வைத்திருந்த தாள் அது. பேனாவைக் கௌதம்ராஜிடம் நீட்டிக்கொண்டே சொன்னார்:

“நிரந்தரம் இல்ல சார், பதினோரு மாசம்.”